பாசிக்குளப் பச்சை

அந்தப் பெயிண்ட் கடையில் இரண்டே இரண்டு சட்டங்கள்தான் உண்டு. ஒன்று, கலந்து முடித்த நிறத்தைக் கடைக்குள் வைத்துப் பார்த்து ‘சரி’ என்று சொல்லக் கூடாது. ஒரு அட்டையில் தடவி, காயவிட்டு, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, கலந்தவரே பார்த்து டப்பாவை மூடக் கூடாது. இன்னொருவர் வந்து பார்த்து, “பார்த்தாச்சு, மூடும்மா” என்று சொன்ன பிறகுதான் மூடி ஏறும். முதலாளி மற்ற விஷயங்களில் ஏனோதானோ என்று இருப்பார். இந்த இரண்டில் மட்டும் அசைந்து கொடுக்க மாட்டார்.

பதினோரு வருடம் அந்தக் கடையில் நிறம் கலந்தவள் அவள். வாடிக்கையாளர்களுக்கு ‘கலர் அக்கா’. பழைய சுவரிலிருந்து நகத்தளவு சுண்ணாம்பைப் பெயர்த்துக்கொண்டு வந்து காட்டினால் போதும், கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, மெஷினில் எதை எத்தனை சொட்டு விடுவது என்று சொல்லிவிடுவாள். நிறங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ஷேடு கார்டில் இருந்த இங்கிலீஷ் பெயர்கள் பாதிப் பேருக்கு வாயில் நுழையவில்லை என்று, ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் பேனாவால் தானே ஒரு பெயர் எழுதி வைத்திருந்தாள். கடுகுப்பூ. பழுத்த எலுமிச்சை. வெண்ணெய். பாசிக்குளம். அந்தக் கார்டில் வெள்ளை மட்டும் நாற்பத்திரண்டு உண்டு. நாற்பத்திரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த கண் அது. அந்தக் கண்தான் அவளை ஏமாற்றியது. இல்லை, அப்படிச் சொல்வது கண்ணுக்குச் செய்கிற அநியாயம். அவள்தான் கண்ணை ஏமாற்றினாள்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. புருஷனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. குழந்தை பிறப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால் கப்பல் ஏறினான். வேறு வழியில்லை, போகாவிட்டால் இடம் போய்விடும். அவளுடைய அம்மா உயிரோடு இல்லை. மாமியார் வேறொரு ஊரில், மூத்த மகன் வீட்டில், படுத்த படுக்கை. ஆக, ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்தாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கி, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையுமாக இரண்டாவது மாடிக்கு ஏறியவள் அவள் ஒருத்திதான். பூட்டைத் திறப்பதற்காகக் குழந்தையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அழுகை வந்தது.

வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரு குளியலறை. ஜன்னல் ஒன்று உண்டு. அதைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பகலிலும் விளக்குப் போட்டால்தான் சோறு எது, தட்டு எது என்று தெரியும்.

துறைமுகம் வரும்போதெல்லாம் புருஷன் போன் செய்வான்.

“என்ன பண்றான் அந்தப் பெரிய மனுஷன்?”

“என்ன பண்ணுவான்? குடிக்கிறான், தூங்குறான், துணியை நாசம் பண்றான்.”

“அதைச் சொல்லு. கலர் அக்கா புள்ளை என்ன கலர்ல போறான்?”

“கருமம்! சாப்பிட்டீங்களா இல்லையா?”

“சொல்லும்மா. எனக்கு இங்க வேற என்ன இருக்கு, கேக்கறதுக்கு?”

விளையாட்டாக ஆரம்பித்ததுதான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில், ஒவ்வொரு நாள் கட்டத்திலும், அன்றைய நிறத்தைத் தன் கார்டுப் பெயரால் எழுதி வைத்தாள். ஆஸ்பத்திரி நாட்களை நினைவிலிருந்து நிரப்பினாள்; முதல் இரண்டு நாள் ‘தார்’. “எங்க எஞ்சின்ல வடியற எண்ணெய் மாதிரியா? அப்போ என் புள்ளைதான்!” என்று அவன் அங்கிருந்து சிரித்தான். பிறகு கருஞ்சாம்பல் பச்சை. பிறகு கடுகுப்பூ, நடுநடுவே எள்ளு எள்ளாகத் துணுக்குகள். யாரோடும் பேசாமல் கழிகிற நாளில், யாருக்கோ சொல்வதற்கு ஒரு வார்த்தை இருப்பது பெரிய விஷயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை துணியைப் பிரித்தால், பச்சை. சாதாரணப் பச்சை இல்லை. கார்டில் அவள் ‘பாசிக்குளம்’ என்று பெயர் வைத்திருந்த அதே அடர்பச்சை. தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, குழந்தையையும் அந்தத் துணியைச் சுற்றிய பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த கிளினிக்குக்கு ஓடினாள்.

கிளினிக் நர்ஸ் வாட்டசாட்டமான பெண்மணி. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததும் பெரிதாகச் சிரித்துவிட்டாள்.

“இதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தே? தாய்ப்பால் குடிக்கிற புள்ளைக்கு மஞ்சளும் வரும், பச்சையும் வரும், பழுப்பும் வரும். நல்லா குடிக்கிறான்ல? எடை ஏறியிருக்குல்ல? அப்புறம் என்ன?”

“ரொம்பப் பச்சையா இருந்துதேன்னு...”

“பச்சைக்கு பயப்படாதே. ரத்தம் மாதிரி சிவப்பா வந்தா வா. அந்த முதல் நாலு நாள் போனப்புறம் திரும்பக் கறுப்பா வந்தா வா. வெள்ளையா, களிமண் மாதிரி வெளிறி வந்தா அந்த நிமிஷமே வா. மத்ததுக்கெல்லாம் நிம்மதியா வீட்ல இரு. கண்ணுல லேசா மஞ்சள் தெரியுது, அது பொறந்த புள்ளைங்களுக்கு இருக்கறதுதான். ரெண்டு வாரத்துக்கு மேல போகலன்னா மட்டும் கொண்டு வந்து காட்டு. கூட யாரும் வரலையா?”

“வரலை.”

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “அடுத்தது யாரு? பச்சை அம்மாவுக்கு வழி விடுங்க” என்று நர்ஸ் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனாலும் அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பதினோரு வருடமாக நிறத்தைப் பற்றி ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள், ஒரு பச்சைக்கு ஓடி வந்து சிரிப்பாய்ச் சிரித்துப்போனாள். வெள்ளை வந்தால் வா என்கிறாளே, வெள்ளையைத் தெரியாதா எனக்கு என்று வீடு வரும் வரை மனதுக்குள் பொருமிக்கொண்டே நடந்தாள்.

இங்கேதான் அவள் புத்தி வேலை செய்தது, செய்யாமல் இருந்திருக்கலாம். தொழில் தெரிந்தவளுக்குத்தான் இப்படித் தோன்றும். வீட்டில் இருந்த வெள்ளை ட்யூப்லைட் பழையது, லேசாக நீலம் அடிக்கும். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் பச்சை பக்கம் சாயும், பச்சை இன்னும் பச்சையாகும். ஆக, தன்னைக் கேலிக்கு ஆளாக்கியது அந்த ட்யூப்லைட்தான் என்று முடிவு கட்டினாள். வழியில் இருந்த எலக்ட்ரிக் கடையில் மெழுகுவர்த்தி வெளிச்சம் மாதிரி மஞ்சளாக எரிகிற ஒரு பல்பு வாங்கினாள். நாற்காலி போட்டு ஏறி, தானே மாட்டினாள். குழந்தையின் கண்ணும் கூசாது என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பல்பு அவளுக்கு நிம்மதியைக் கொடுத்தது. அதற்குப் பிறகு பச்சை என்று ஒன்று வரவே இல்லை. காலண்டரில் கடுகுப்பூ, கடுகுப்பூ, பழுத்த எலுமிச்சை. பிறகு வெண்ணெய். வெண்ணெய், வெண்ணெய் என்று நாள் தவறாமல் அதே நிறம். “பாருங்க, எவ்வளவு சமர்த்தா ஒரே கலர்ல போறான்” என்று இருபதாம் நாள் போனில் புருஷனிடம் பெருமை பேசினாள். கண்ணில் மஞ்சள் போய்விட்டதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அந்த அறையில் சுவரும் மஞ்சள், தலையணையும் மஞ்சள், அவள் கையும் மஞ்சள். குழந்தை மட்டும் தனியாக மஞ்சளாகத் தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் வானம் வெளுக்கவே இல்லை. துணிகள் சமையல் மூலையில் கட்டிய கொடியிலேயே காய்ந்தன. கடைச் சாமான் வாசலுக்கே வந்தது. எடை பார்க்கக் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்த நாளில் அவள் போகவில்லை. மழை என்று தன்னிடம் சொல்லிக்கொண்டாள். உண்மையான காரணம், ‘பச்சை அம்மா’. இன்னொரு தடவை அந்தப் பெயரைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. வேறு யாரோடும் பேசாமல் ஒரு மாதம் இருந்தவளுக்கு, ஒரு சின்னக் கேலி கூட எலும்பு வரை போகும். பேச்சுத் துணைக்கு ஒருத்தர் இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சிரித்திருப்பாள், அதோடு போயிருக்கும்.

முப்பத்து நான்காம் நாள் மழை விட்டது. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

அறை கும்மிருட்டாகிவிட்டது. குழந்தை வேறு அந்த நேரம் பார்த்துத் துணியை நனைத்துக்கொண்டு சிணுங்கியது. மாற்றுத் துணியையும் ஒரு பழைய விரிப்பையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, குழந்தையோடு மொட்டை மாடிக்கு ஏறினாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் மொட்டை மாடிக்கு ஏறியது அன்றுதான். கழுவி விட்ட மாதிரி வெயில். தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக விரிப்பைப் போட்டு, குழந்தையைக் கிடத்தி, துணியைப் பிரித்தாள்.

வெள்ளை.

கார்டு தேவைப்படவில்லை. நாற்பத்திரண்டு வெள்ளைகளில் கீழ்வரிசையில் ஓரமாக இருக்கும், சாம்பல் தட்டிய வெள்ளை. யாரும் வாங்காத வெள்ளை. அதைச் சுற்றி, மூத்திரம் ஊறிய இடம் டீ சிந்திய கறை மாதிரி அடர்ந்த மஞ்சள். நிமிர்ந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். வெயில் கூசி அது கண்ணைச் சுருக்கித் திறந்தது. அந்தக் கண்ணின் வெள்ளை, வெள்ளையாக இல்லை. கழுத்து, மார்பு, வயிறு எல்லாம் மஞ்சள். “ஐயோ, நான் பாக்கலையே, நான் பாக்கவே இல்லையே” என்று சத்தமாகவே சொன்னாள். மாடியில் கேட்பதற்கு யாரும் இல்லை.

குழந்தையும் துணிப் பொட்டலமுமாக அவள் ஓடி வருவதைக் கிளினிக் நர்ஸ் தூரத்திலேயே கண்டுகொண்டாள்.

“அட, பச்சை அம்மாவா! எடை பாக்க வரச் சொன்னா இப்பதான் வழி தெரிஞ்சுதா? இன்னிக்கு என்ன கலரு?”

“வெள்ளை,” என்றாள் அவள்.

நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. பொட்டலத்தை வாங்கி ஒரு தடவை பார்த்தாள், குழந்தையின் கண்ணிமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். வரிசையில் காத்திருந்த அத்தனை பேரையும் தாண்டி அவளை டாக்டரின் அறைக்குள் கொண்டுபோனாள். டாக்டர் அம்மா குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். “எப்ப இருந்து இப்படிப் போறான்?” என்று கேட்டார்.

துணிமணி எடுத்துக்கொள்ள வீட்டுக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பொட்டலத்தைப் பல்புக்கு அடியில் பிரித்து வைத்தாள். அவள் கண் முன்னாலேயே அந்தச் சாம்பல் வெள்ளை, அழகான வெண்ணெய் நிறமாயிற்று. காலண்டரில் அவள் கையால் எழுதிய அதே வெண்ணெய். விரல் வைத்துப் பின்னால் எண்ணிக்கொண்டே போனாள். முதல் வெண்ணெய், பதினாறாம் நாள். பதினெட்டு நாள் குழந்தை அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவளும் நாள் தவறாமல் அதைத் தப்பாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடையில் ஒரு டப்பாவைக் கூட இப்படி மூடியதில்லை, பெற்ற பிள்ளைக்கு மூடியிருக்கிறாள்.

ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு வருகிற குழாய் அடைத்திருக்கிறது, மலத்துக்கு நிறம் கொடுப்பதே அந்தப் பித்தம்தான், அது வராததால்தான் வெள்ளை என்று சர்ஜன் படம் போட்டுச் சொன்னார். ஆபரேஷன் செய்து குடலையே ஈரலோடு இணைத்துப் பித்தத்துக்கு வழி பண்ண வேண்டும்.

“என்னாலதான் சார். மஞ்ச பல்பு போட்டு வெச்சிருந்தேன்.”

“அடைப்பு உங்க பல்பால வரலம்மா. ரெண்டு மாசம் முடியறதுக்குள்ள பண்ணிட்டா வாய்ப்பு அதிகம். இன்னும் நாள் இருக்கு. சில பேர் மூணு மாசம் கழிச்சு வர்றாங்க. கூட யாரு வந்திருக்காங்க?”

“யாரும் வரலை சார்.”

சம்மதப் பத்திரத்தில் தகப்பன் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது. கம்பெனிக்குச் சொல்லி, கம்பெனி கப்பலுக்குச் சொல்லி, நடுக்கடலிலிருந்து புருஷனின் குரல் விட்டு விட்டு வந்தது. “நீயே போட்டுடு... நான் கூட இல்லையே... நான் கூட இல்லாம போயிட்டேனே...”

“நீங்க இருந்திருந்தா அந்தப் பல்பை மாட்டும்போதே சண்டை போட்டிருப்பீங்க,” என்றாள் அவள். அவன் என்ன சொன்னான் என்று தெரிவதற்குள் போன் அறுந்துவிட்டது. அவனுடைய கோட்டைக் காலியாக விட்டுவிட்டுத் தன்னுடையதில் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. வெளியே பெஞ்சில் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலு பேர், ஐந்து பேர் என்று உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டைப் பங்கு போட்டார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். அவள் பக்கத்தில் அவளுடைய பை உட்கார்ந்திருந்தது. பாத்ரூமுக்குப் போக வேண்டும் போல இருந்தும், கதவு திறந்து தன்னைக் கூப்பிட்டால் யார் பதில் சொல்வது என்று அடக்கிக்கொண்டு இருந்தாள்.

“முடிஞ்சுது,” என்றார் சர்ஜன் வெளியே வந்து. “இனிமே காத்திருக்கணும். பித்தம் இறங்கிச்சுன்னா கலர் வரும், பச்சையோ மஞ்சளோ. எல்லாப் புள்ளைக்கும் வரும்னு உறுதி சொல்ல முடியாது. பாப்போம்.”

அவள் பச்சைக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள்.

வார்டில் ஜன்னல் தள்ளிக் கடைசியில் இருந்தது. அவள் படுக்கை நான்காவது. ஒவ்வொரு தடவையும் அழுக்குத் துணியைக் கையில் ஏந்திக்கொண்டு, மூன்று படுக்கைகளையும் அவற்றின் சொந்தபந்தங்களையும் கடந்து ஜன்னலுக்குப் போவாள். அங்கே மாட்டியிருந்த நிற அட்டையில், இந்த நிறம் நல்லது, இந்த நிறம் ஆபத்து என்று அச்சடித்த படங்கள் இருந்தன. அச்சடித்தவனுக்குக் கண் இருக்கிறதா, மஞ்சளில் சிவப்பு ஏறிக்கிடக்கிறது என்று அந்த நிலைமையிலும் அவளுக்கு எரிச்சல் வந்தது. மூன்றாம் நாள் வெள்ளை. நான்காம் நாள் வெள்ளை. ஐந்தாம் நாள் ஏதோ சாயல் தெரிவது போல இருந்தது. ஆசையா, நிறமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தன் கண்ணைத் தானே நம்ப முடியாமல் போவது போல ஒரு அனாதைத்தனம் வேறில்லை.

வார்டைக் கூட்டித் துடைக்கிற அம்மாவுக்கு ‘வாளியம்மா’ என்று பேர். ஆள் வருவதற்கு முன் வாளிச் சத்தம் வரும். இவள் ஜன்னலுக்கும் படுக்கைக்கும் நடப்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, ஊரெல்லாம் இதைச் சுருட்டித் தூக்கிப் போடுது. நீ என்னமோ புடவைக்கடைல நிக்கற மாதிரி வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கறியே!”

அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு படுக்கைக்குத் திரும்பினாள். ஆறாம் நாளும் வெள்ளைதான்.

ஏழாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். துணியைப் பிரித்தவள் உடனே மூடிவிட்டாள். மூடியபடியே ஜன்னலுக்கு நடந்தாள். வெயில் நேராக விழுகிற இடம் பார்த்து நின்று, மெல்லப் பிரித்தாள். பார்த்தாள். கண்ணை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தாள். இந்தக் கண்ணைத்தான் பதினெட்டு நாள் நம்பினோம் என்ற நினைப்பு வந்தது. கையில் போன் இருந்தது. கப்பல் எந்தக் கடலில் இருக்கிறதோ. சுற்றிலும் திரும்பிப் பார்த்தாள். வாளிச் சத்தம் கேட்டது.

“அம்மா! இங்க வாங்களேன். சீக்கிரம் வாங்க.”

“என்னம்மா, கொட்டிட்டியா?”

“இல்ல. இது என்ன கலர்னு சொல்லுங்க.”

“இதைக் கேக்கவா கூப்பிட்டே?” வாளியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “பச்சை.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. கிட்ட வந்து பாருங்க.”

“எத்தனை தடவை பாக்கறது? பச்சைதாம்மா. குளத்துல பாசி பிடிச்ச மாதிரி பச்சை. என்னம்மா, எதுக்கு இப்ப அழற? புள்ளைக்கு ஏதாவது...”

“ஒண்ணுமில்ல,” என்றாள் அவள். “ஒண்ணுமில்ல. இன்னொருத்தர் பாக்கணும். அவ்வளவுதான்.”

வாளியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அழுகிறவளை அப்படியே விட்டுவிட்டுப் போக மனசு வராமல், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் முதுகில் வைத்தாள்.

“சரி சரி, அதான் பார்த்தாச்சு இல்ல? நாறுது. மூடும்மா.”

அவள் மூடினாள்.